எண்ணெய் தடவிய டிஸ்க்

"எங்கப்பாவை எண்ணெய் தடவச் சொன்னது நீங்கதான்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

நான் இப்படிக் கேட்டதும் தம்பிதுரை டீ டம்ளரைக் கீழே வைத்தார். காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில் வைத்திருப்பவர். என் அப்பா மாசாணம் அந்த மில்லில் இருபத்தாறு வருடமாகக் கொப்பரை மூட்டை சுமக்கிறவர். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா மகள் எனக்குச் சொல்லிவந்த ஒரே சட்டம், இந்த வீட்டாரிடம் எதையும் எழுத்தில் கேட்காதே என்பதுதான். கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். நான் இன்ஜினீயராக வேலை பார்க்கும் போத்தனூர் கார் ஒர்க்‌ஷாப் முதலாளியும் அதையேதான் சொல்வார். "பெரிய கஸ்டமர்கிட்டக் கையெழுத்துக் கேட்டு நிக்காத. வாயில சொன்னாப் போதும்."

இருவர் பேச்சையும் கேட்டேன். அதனால் மில் களத்தில் கொப்பரை புரட்டும் பாவாத்தாக்காவுக்கு இன்றைக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

வண்டி தம்பிதுரையின் மகன் மனோஜ்குமாருடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கனடா போகும்போது கொப்பரைக் களத்துக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போனான். நான்கு வருடம் அது நகரவில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கழுவி, பொட்டு வைத்து, ஈரத்தோடு அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த மாதிரி வண்டிகளில் சக்கரக் கம்பிகளின் இடைவெளி வழியாக பிரேக் டிஸ்க் வெளியே தெரியும். துருப்பிடித்துச் செம்மண் நிறமானதை யாரோ விருந்தாளி பார்த்துச் சிரித்திருக்கிறார். தம்பிதுரைக்கு மானம் போய்விட்டது. "மாசத்துக்கு ஒருக்கா நம்ம எண்ணெயைத் தடவி உடுறா மாசாணம். இரும்புக்கும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டார். அப்பா அமாவாசை தவறாமல் துணியில் நனைத்து நான்கு சக்கரத்துக்கும் தடவினார். மில் எந்திரங்களுக்குத் தடவிப் பழகிய கை. பிரேக்குக்கு எண்ணெய் ஆகாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லியிருக்கலாம். அவர் அங்கே என்ன வேலை செய்கிறார் என்று நான் என்றைக்குக் கேட்டேன்.

இந்த வாரம் மனோஜ்குமார் ஊர் திரும்பினான். வியாழக்கிழமை ஒர்க்‌ஷாப்பிலிருந்து என்னை அனுப்பினார்கள். புது பேட்டரி மாட்டி இன்ஜினைக் கிளப்பினேன். பிறகு சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்கின் ஓரம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, நடுவில் குழி குழியாக அரித்திருந்தது. அதை அழுத்திப் பிடிக்க வேண்டிய பேடு சிக்குப் பிடித்த எண்ணெய் நாற்றம் அடித்தது.

"ரெண்டு தடவை நல்லா மிதிச்சாத் துரு போயிரும். வீடியோல பாத்தேன்" என்றான் மனோஜ்குமார்.

"ஒரு ராத்திரி மழையில புடிச்ச துருன்னாப் போகுமுங்க. இது நாலு வருசத்துது. துருவக்கூட உடுங்க, பேடு பூரா எண்ணெய் குடிச்சிருக்குது. மிதிச்சா வழுக்கும். நாலு டிஸ்க்கும் பேடும் மாத்தணும். பத்து நாள் ஆகும்."

"ஞாயித்துக்கிழமை கோபியில எனக்கு நிச்சயம். இதுலதான் போறேன்."

'வண்டியை நகர்த்தக் கூடாது' என்று ஜாப் கார்டில் எழுதினேன். கஸ்டமர் கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. முதலாளிக்கு போன் செய்தேன். கையெழுத்தெல்லாம் வேண்டாம், வந்துவிடு என்றார். வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அவன் வண்டியைக் களத்தில் இறக்கினான். களம் சரிவு. பெண்கள் கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மிதித்தானாம், நிற்கவில்லையாம். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். குத்தவைத்து உட்கார்ந்திருந்த பாவாத்தாக்காவால் எழ முடியவில்லை. வண்டி அவர் காலைக் களத்துச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது.

இன்றைக்குச் சனிக்கிழமை. தம்பிதுரை ஆள் விட்டுக் கூப்பிட்டார், வந்தேன்.

"உக்காரு கண்ணு" என்றார். கோபமே படவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது. "காலேஜ்ல இப்படித்தான் பேசச் சொல்லிக் குடுத்தாங்களா? நானே உன்ற கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டேன். இன்ஜினீயர் கையெழுத்து இருந்தா ஸ்டேஷன்ல மறுபேச்சு இருக்காது பாரு."

டைப் அடித்த தாளை நீட்டினார். மில் முதலாளிக்குத் தெரியாமல் மாசாணம் தடவிய எண்ணெயால் பிரேக் பிடிக்கவில்லை என்று இருந்தது. அடியில் அப்பாவின் கையெழுத்து, ஏற்கெனவே.

அப்பா தூணோரம் நின்றிருந்தார். அந்த வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என்னங்கப்பா இது?"

"நாந்தான கண்ணு தடவுனேன். அது நெசந்தான?"

"தடவச் சொன்னது யாரு?"

அவர் தரையைப் பார்த்தார்.

"வக்கீலு நான் வெச்சுக்கறேன்" என்றார் தம்பிதுரை. "பாவாத்தா ஆஸ்பத்திரியும் நான் பாத்துக்கறேன். நாளைக்கு நிச்சயத்த வெச்சுக்கிட்டு என்ற பையன் மேல கேஸுன்னா, பொண்ணூட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

"அந்தக்காளுக்குக் கால் போயிருச்சுங்க."

"அதான் பாத்துக்கறேன்ங்கறேனே."

உள்ளே இருந்து மனோஜ்குமார் வந்தான். "அவ எதுவும் சொல்லவே இல்லப்பா. பேட்டரி மாட்டிட்டுப் போயிட்டா. சொன்னேங்கறால்ல? என் கையெழுத்து எங்கன்னு கேளுங்க."

"உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னனுங்க."

"எதுல இருக்கு?"

தம்பிதுரை என்னைப் பார்த்துப் பரிவோடு தலையாட்டினார். "பாரு அம்மணி. உன்ற அப்பன் மேல போகலீன்னா உன்ற மேலதான் வரும். படிச்ச புள்ள. வேல போயிரும், பேரு கெட்டுரும். ரோசன பண்ணிக்க."

அப்போதுதான் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குத்தான் கண்ணு போட்டுக் குடுத்தேன்."

இருபத்தாறு வருடம் அவர் முதுகில் மூட்டை ஏற்றியவர்களுக்கு, அவரிடம் எதைச் சொன்னால் கையெழுத்துப் போடுவார் என்று தெரிந்திருக்கிறது. என் பட்டத்தைக் காட்டியே அவரை விழவைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் அவர் எனக்கு நல்லது செய்துவிட்ட நிம்மதியில் நிற்கிறார்.

தாளைக் கையெழுத்துப் போடாமல் டீப்பாயில் வைத்தேன்.

"நான் ஸ்டேஷனுக்குப் போறனுங்க. வண்டிய எடுக்காதீங்கன்னு சொன்னேன், எழுதி வாங்காம வந்தேன்னு சொல்லப்போறேன். அது என்ற தப்பு. எம்மேல கேஸ் போட்டாப் போடட்டும். எண்ணெய் தடவச் சொன்னது யாரு, வண்டிய எடுத்தது யாருன்னும் சொல்லுவேன்."

"டேய் மாசாணம், உன்ற புள்ளைக்கு எடுத்துச் சொல்றா" என்றார் தம்பிதுரை. இப்போது கோபம் வந்திருந்தது.

அப்பா இரண்டடி வந்தார். "அன்பு, நீ போய்ச் சொன்னா நான் பொய் சொன்னவனாயிருவேன். இந்த வேலயும் போயிரும். ஊருக்குள்ள எப்படி கண்ணு இருக்கறது?"

"ஆமாங்கப்பா" என்றேன். "போயிரும்."

வேறு என்ன சொல்வது. அவரை அணைத்துக்கொள்ளவோ காலில் விழவோ எனக்குத் தோன்றவில்லை. அவர்மீதும் கோபமாகத்தான் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். களத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். புதுக் கொப்பரை பரப்பி, அதே பெண்கள் குனிந்து புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. அவர்களுக்கு நடுவே நடந்து கேட்டுக்கு வெளியே வந்தேன்.