பதினோராம் கேள்விக்கு இரண்டு அங்குலம்

1.

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. கதை பிறந்த விதத்தைக் கேட்டால் மற்றவர்கள் மழை என்பார்கள், ஒரு முகம் என்பார்கள். எனக்கு வாய்த்தது அச்சடித்த ஆங்கிலப் படிவம். கால் விளங்காத பிள்ளைகளுக்குக் காலில் மாட்டி நடக்கும் இரும்புச் சட்டம் கேட்டு ஒரு தர்ம சங்கத்துக்கு விண்ணப்பிப்பது. பத்துக் கேள்விகளை நேற்றே நிரப்பிவிட்டேன். பதினோராவது இது: பிள்ளைக்கு இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டதா? இல்லையென்றால் காரணம் என்ன?

காரணம் எழுத இரண்டு அங்குலக் கோடு விட்டிருக்கிறார்கள். அதில் அடங்காததால் கதையாக எழுதுகிறேன். நாலு மணிக்கு அந்தப் பிள்ளையின் தாய் முத்தாயி வருவாள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

2.

முதல் தொடக்கம்:

"சிராங்கூன் ரோட்டு அஞ்சடியில்* தட்டெழுத்து இயந்திரத்துடன் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கும் மருதப்பன், பொறாமை என்றால் என்னவென்றே அறியாத..."

அடித்துவிட்டேன். மருதப்பன் என்று யாரும் இல்லை. அஞ்சடியில் உட்கார்ந்திருப்பவன் நான்தான், வேலாயுதம். ஏழாம் வகுப்பு ஆங்கிலம், இருபது வருடத் தொழில், ஒரு மனைவி, ஒரு மகள்.

இரண்டாம் தொடக்கம்:

"ஐம்பத்தெட்டாம் வருடக் கடைசியில் சிங்கப்பூரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, புதிதாகக் கண்டுபிடித்த மருந்தொன்றை..."

இது பத்திரிகைச் செய்தி. இதில் நான் இல்லை. நான் இல்லாமல் எழுதத்தான் ஆசையாக இருக்கிறது.

மூன்றாம் தொடக்கம்:

தியாகராசாவை எனக்குப் பிடிக்காது.

இது இருக்கட்டும்.

* கடைகளின் முன்னால் ஓடும் கூரை போட்ட நடைபாதை. சிங்கப்பூர்க்காரர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம்.

3.

தியாகராசா அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கு எதிர்வீட்டு மாடி. சாயங்காலம் ஐந்தரைக்கு வேலையிலிருந்து வரும்போதும் அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் காலையில் தேய்த்த மடிப்பு அப்படியே இருக்கும். எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவருடைய ஆங்கிலக் கையெழுத்தைப் பார்த்தால் அச்சுக்காரனே வெட்கப்படுவான். என் இயந்திரத்தில் சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே குதித்து நிற்கும்.

(இவரைக் கொஞ்சம் கர்வியாகக் காட்டினால் என் பக்கம் நியாயம் கூடும். இரண்டு பத்தி எழுதியும் பார்த்தேன். ஆனால் அவர் கர்வி இல்லை. அதுதான் எரிச்சல்.)

அந்த டிசம்பரில் பிள்ளை வைத்திருந்த எல்லார் கைக்கும் ஒரு சம்மதப் படிவம் வந்தது. மூன்று மாதம் முதல் பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து. ஊசி கிடையாது, வாயில் ஊற்றுவது. கட்டாயமும் கிடையாது, பெற்றவர்கள் சம்மதித்தால் போதும். எங்கள் தேக்கா வட்டாரத்தில் யார் வீட்டுக்கு ஆங்கிலக் காகிதம் வந்தாலும் அது என் மேஜைக்குத்தான் வரும். நான் நாற்காலியைத் துடைத்துவைத்துக் காத்திருந்தேன்.

ஒருவரும் வரவில்லை. எதிரே காப்பிக்கடையில் தியாகராசா ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டார். இலவசமாக நிரப்பிக் கொடுத்தார். நிரப்பியதோடு விட்டாரா? மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று படம் வேறு போட்டுக் காட்டினார்.

"பயப்பிடாதேங்கோ. என்ர மகனுக்கு நேற்றே குடுத்தாச்சு. அங்க பாருங்கோ, பந்தடிச்சுக்கொண்டு நிக்கிறான்."

அந்தப் பையனும் நின்ற இடத்தில் நில்லாமல் பந்தடித்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு தும்மலாவது தும்மித் தொலைக்கக்கூடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், ஒரு பிள்ளையைப் பார்த்து அப்படி நினைத்தேன்.

4.

இரண்டாம் நாள் என்னிடம் ஒருத்தி வந்தாள். தேக்கா மார்க்கெட்டில் அம்மி போட்டு மசாலா அரைத்து விற்கும் முத்தாயி. அவள் மகன் வடிவேலுவுக்கு அப்போது மூன்று வயது. கையில் படிவம்.

"எல்லாரும் அங்கதானே போறாங்க. நீ போகலையா?" என்றேன்.

"எங்க வீட்டுக் காகிதமெல்லாம் நீங்க எழுதுனதுதானே ரைட்டரய்யா. இதுக்கு மட்டும் அங்க போவேனா?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "குடுக்கலாமா, சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு கட்டுரை தர நினைத்திருந்தேன். புதிய மருந்து, உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திக் கொடுக்கிறார்கள், படித்தவர்களே தயங்கினார்கள், என் பயத்திலும் நியாயம்... என்று ஒரு பக்கம். கிழித்துவிட்டேன். பயம் இருந்தது, உண்மை. ஆனால் பயந்தவன் என்ன செய்வான்? விசாரிப்பான். தெருவைத் தாண்டி எட்டு அடி நடந்து, "சார், இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பான். அந்த எட்டு அடிதான் என்னால் முடியவில்லை.

நிமிர்ந்து எதிரே பார்த்தேன். தியாகராசாவின் மேஜைக்கு முன்னால் ஏழு பேர். ஏழு பேரும் என் ஆட்கள். ஏழாவதாக நின்ற கிழவரின் குடியுரிமை மனுவை நான் மூன்று தடவை எழுதியிருக்கிறேன்.

"உசிரோட இருக்கிற கிருமியப் பிள்ளை வாயில ஊத்துறாங்க, முத்தாயி. அந்தாளு படம் போட்டுக் காட்டினா சரியாயிடுமா? என் மகளுக்கு நான் குடுக்கப் போறதில்ல. படிவத்தக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

கிழித்தது உண்மை. அன்று காலையில்தான் கிழித்தேன்.

"அப்ப எனக்கும் வேணாம் லா," என்றாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ஏழுக்கு ஒன்று, போதும் என்றிருந்தது.

5.

இனி வருவதை இரண்டு தடவை வெட்டினேன். கதைக்காகச் செய்தது போலிருக்கிறது. ஆனால் நடந்ததை வெட்ட எனக்கு உரிமையில்லை.

மறுநாள் முத்தாயி எனக்கு மீன் மசாலா உருண்டை கொடுத்தாள். ஆலோசனைக்குக் காசு வாங்கமாட்டேன் என்பதால் அவள் வழக்கம் அது. உள்ளே வாழையிலை, வெளியே காகிதம். அந்தக் காகிதம், வேண்டாமென்று போன அந்தப் படிவம்.

வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். என் மனைவி லீலா பிரித்தாள். அவ்வளவுதான் அன்றைக்கு எனக்குத் தெரியும்.

தைப்பூசம் முடிந்த வாரம் வடிவேலுவுக்குக் காய்ச்சல். நாலாம் நாள் அவனால் வலது காலைத் தூக்க முடியவில்லை. மார்க்கெட்டில் செய்தி கேட்டு, மேஜையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். என் மகள் ரத்தினம்மா தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டை விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி நிறுத்தி, "நட, நட பார்க்கலாம்," என்றேன். பயந்து அழுதாள்.

"அவளை விடுங்க," என்றாள் லீலா. "அவளுக்கு ஒண்ணும் வராது. கிறிஸ்மஸுக்கு முன்னாடியே மருந்து குடுத்தாச்சு."

"படிவம்?"

"மசாலா சுத்தி வந்துச்சே, எழுதாத படிவம். துடைச்சு எடுத்துட்டுப் போனேன். நீங்க கிழிச்சதுக்கு நான் வேற எங்க போறது? தியாகராசா சார்தான் எழுதிக் குடுத்தாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்கவில்லை. இரண்டாவதாக வடிவேலுவின் நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மஞ்சள் கறைக்குப் பக்கத்தில் என் மகளின் பெயரைத் தியாகராசா எவ்வளவு அழகாக எழுதியிருப்பார் என்பதுதான் வந்தது. ஒரு பிள்ளையின் கால் போன நாளில் நான் இன்னொருவன் கையெழுத்தை நினைத்து வெந்துகொண்டிருந்தேன்.

(இந்தக் கதாபாத்திரத்தை வாசகர் நம்புவாரா என்று சந்தேகமாக இருக்கிறது. எனக்கே அவனைப் பிடிக்கவில்லை.)

6.

மூன்று வருடமாயிற்று. முத்தாயி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு தடவை நானே ஆரம்பித்தேன்.

"முத்தாயி, அன்னிக்கி நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா..."

"விடுங்க ரைட்டரய்யா. நீங்க ஒண்ணு சொல்லி ஒண்ணு செய்யலியே. உங்க பொண்ணுக்கும் குடுக்காமத்தானே இருந்தீங்க? அவளை மாரியாத்தா காப்பாத்துனா. எனக்கு அது இல்ல."

நான் வாயைத் திறக்கவில்லை. நான் எழுதியவற்றிலேயே மோசமான வாக்கியம் அந்த மௌனம்.

தியாகராசாவுக்கு எல்லாம் தெரியும். இந்த மூன்று வருடத்தில் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அஞ்சடியில் என்னைக் கடக்கும்போது, "சுகமோ வேலாயுதம்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவர் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டியிருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவருடைய மடிப்பு, அவருடைய பேனா, இப்போது அவருடைய மௌனமும். என் மௌனமும் மௌனம்தான். அவருடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியவில்லை.

7.

மணி மூன்றே முக்கால். படிவம் நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். ஜனவரியில் வடிவேலு பள்ளிக்கூடம் போக வேண்டும். சட்டம் கிடைத்தால் நடந்து போவான். இல்லாவிட்டால் முத்தாயிதான் தூக்கிக்கொண்டு போவாள், அம்மி அரைத்த தோளோடு.

முடிவு ஒன்று: "அப்போது மருந்து கிடைக்கவில்லை." பொய். ஆனால் சின்னக் கோட்டில் அடங்கும்.

முடிவு இரண்டு: "தாய் சம்மதிக்கவில்லை." இது உண்மை. இதைவிடப் பெரிய பொய்யை நான் எழுதியதில்லை.

முடிவு மூன்று: "வேலாயுதம் என்ற மனு எழுதுபவன், பொறாமையினால், தாயைத் தடுத்து..."

எழுதிவிடலாம். சங்கத்துக்காரர்களுக்கு நான் யாரோ. ஆனால் எனக்குத் தொழிலில் ஒரே ஒரு விரதம் உண்டு. எழுதியதைத் தமிழில் முழுக்க வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கைநாட்டு வாங்கமாட்டேன். அது முத்தாயிக்கும் தெரியும். கதை முழுக்க நான் ஒளிந்துகொண்டிருந்தது அந்தப் படிவத்துக்குப் பயந்து இல்லை. வாசித்துக் காட்டுவதற்குப் பயந்து.

வந்துவிட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்திருக்கிறாள். கட்டைவிரல் அப்படியும் மஞ்சள்தான். வடிவேலுவை இடுப்பிலிருந்து இறக்கி முக்காலியில் உட்காரவைக்கிறாள். மை ஒற்றும் பெட்டியைத் தானே எடுத்துத் திறந்துவைக்கிறாள்.

"என்னங்க ஐயா, இத்தனை பக்கமா? கால்ல மாட்டுற சட்டத்துக்கு இவ்ளோ எழுதணுமா? சரி, வாசிங்க, கேக்குறேன்."

உங்கள் மேலும் எனக்குப் பொறாமைதான், வாசகரே. நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகலாம். நான் இடது கையில் இந்தக் கதையையும் வலது கையில் பதினோராவது கோடு இன்னும் காலியாகக் கிடக்கும் படிவத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் கட்டைவிரலில் மை தடவிவிட்டாள், காய்ந்துகொண்டிருக்கிறது. எந்தக் கையில் இருப்பதை வாசிக்கட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.