ஒசாகாவுக்குச் சொன்ன ‘சரி’

விஷாகா சொல்லிக்கொடுத்தவர்களெல்லாம் ஜப்பான் போனார்கள். விஷாகா மட்டும் நாவலூரிலேயே இருந்தாள்.

கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெண் அவள். அப்பா தாமோதரன் அங்கே டெக்னீஷியன். அவள் எஞ்சினியரிங் முடித்த வருஷம் சாஃப்ட்வேர் வேலைகள் வற்றிக் கிடந்தன. ஜப்பானிய மொழி தெரிந்தவர்களை மட்டும் கம்பெனிகள் கொத்திக்கொண்டு போகின்றன என்று யாரோ சொல்ல, செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்த வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பஸ் பயணம். போகும்போதும் வரும்போதும் விரலால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டே இருப்பாள். அம்மா சகுந்தலா ஒருநாள் அந்த எழுத்துகளை உற்றுப் பார்த்துவிட்டு, “கோலத்துல கோழி நடந்த மாதிரி இருக்கேடி” என்றாள்.

அந்தக் கோழி நடந்த கோலம்தான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. டிசம்பர்தோறும் சென்னையில் நடக்கும் ஜப்பானிய மொழிப் பரீட்சையில் அடிப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறினாள். சென்னையை ஒட்டிய நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி அவளைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டது. ஒரு வருஷத்தில் ஜப்பான் என்றார்கள்.

ஒசாகாவில் மருந்துக் கிடங்கு நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு இவர்கள் வேலை செய்தார்கள். எந்த மருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று கணக்குப் பார்க்கும் புரோகிராமை நாவலூரில் எழுதினார்கள். தினமும் காலையில் ஒசாகாவோடு ஃபோனில் கூட்டம். மேனேஜர் ஜானகிராமனுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. புரோகிராம் எழுதும் அபிஷேக்குக்கும் தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் விஷாகாதான் வாய், விஷாகாதான் காது. பேசும்போது ஃபோனைப் பார்த்துத் தன்னையறியாமல் குனிந்து வணங்குவாள். “இன்னா விஷாகா, ஃபோனுக்கு தீபாராதனை ஆச்சா” என்று அபிஷேக் சீண்டுவான்.

நன்றாகப் படித்ததே அவளுக்குப் பூட்டாகிவிட்டது. ஒசாகாவுக்கு ஆள் அனுப்பும் ஒவ்வொரு முறையும், இவள் போய்விட்டால் இங்கே யார் பேசுவது என்று ஒரே பேச்சில் அவள் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அரைகுறையாகக் கற்றவர்கள் விமானம் ஏறினார்கள். அவர்களுக்கு விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தவளும், செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிக்கொடுத்தவளும், ஊறுகாயை எப்படிச் சுற்றி எடுத்துப்போவது என்று காட்டியவளும் விஷாகாதான். கடைசியாகப் போனவன் ஷ்யாம். அவளை அக்கா என்று கூப்பிடுவான். ஏர்போர்ட்டில் அழுதுவிட்டான்.

வீட்டிலும் பூட்டுதான். வந்த வரன்களையெல்லாம் ‘ஜப்பான் போய்விட்டு வரட்டும்’ என்று சகுந்தலா தள்ளித் தள்ளி வைத்தாள். பிள்ளை வீட்டார் காத்திருந்து பார்த்துவிட்டு வேறிடம் போனார்கள். குடியிருப்பில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூட அடுத்த தெருவுக்குத் தெரியும். விஷாகாவின் ஜப்பான் எல்லோருக்கும் தெரியாமல் இருக்குமா? போகவும் முடியவில்லை, போகவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. காலையில் கம்பெனி வேன் ஏறும்போது ஞானதாஸ் என்ற டிரைவர், “இன்னாம்மா, இன்னுமா இந்த வண்டியிலயே வந்துகினு கீற” என்பார். நல்ல மனிதர், வேடிக்கையாகத்தான் கேட்பார். அவளும் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் தை மாதத்தில் கதவு திறக்கிறாற்போல இருந்தது. இந்தத் தடவை அவளை அனுப்பியே தீருவது என்று ஜானகிராமன் மேலிடத்தில் பேசி முடித்துவிட்டார். விசாவுக்குக் காகிதங்கள் போயின. தாமோதரன் பர்மா பஜார் வரை போய், கம்பளிச் சட்டை வாங்கிவந்தார்.

அந்த வாரம்தான் ஒசாகாவிலிருந்து கிடங்கு நிறுவனத்தின் மொரிதா என்ற பெரியவர் ஒன்று கேட்டார். ஆஸ்பத்திரிகளிலிருந்து திரும்பி வரும் மருந்துகளின் கணக்கையும் இந்த வேலையிலேயே சேர்த்து மார்ச் கடைசிக்குள் கொடுக்க முடியுமா என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் அபிஷேக் சத்தமில்லாமல் கையை விரித்துக் காட்டினான். ஜானகிராமன் அவன் கையைப் பார்த்தார், ஃபோனைப் பார்த்தார். “சரின்னு சொல்லிடும்மா. அப்பால பாத்துக்கலாம்” என்றார்.

நம் பக்கத்து வழக்கம் அது. கல்யாணப் பத்திரிகையை நீட்டுகிறவரிடம் வரமாட்டேன் என்று யாராவது சொல்கிறோமா? கண்டிப்பாக வருகிறோம் என்று சொல்லி அனுப்புவோம். வராவிட்டால் அவரும் ஏனென்று கேட்கமாட்டார். கேட்டவர் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான். விஷாகாவும் இதில் ஊறி வளர்ந்தவள். ஃபோனுக்குத் தலைகுனிந்து, செய்துவிடுகிறோம் என்றாள்.

ஆனால் ஒசாகாவில் அந்த ‘சரி’ கல்லில் வெட்டியதாகிவிட்டது. அவர்கள் அதன்மேல் வீடு கட்டத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லியாயிற்று. கிடங்கு ஆட்களுக்குப் பயிற்சி வைத்தாயிற்று. வாராவாரம் மொரிதா கேட்பார், எல்லாம் சரியாகப் போகிறதா என்று. வாராவாரம் இவள் சரி என்பாள். ஒவ்வொரு ‘சரி’யும் ஒரு தாழ்ப்பாள்போல விழுந்தது. முதல் வாரமே மறுத்திருந்தால் ஒரு சின்ன சங்கடத்தோடு போயிருக்கும். இப்போது மறுத்தால் இத்தனை வாரமும் சொன்னது பொய்யாகிவிடும்.

மார்ச் பிறந்ததும் ஒரு மத்தியானம் ஷ்யாம் அவளுடைய செல்ஃபோனுக்குக் கூப்பிட்டான். முதலில் சாப்பாட்டுக் கதை சொன்னான். அங்கே எதைத் தொட்டாலும் மீன் சாறு. சைவக்காரன் பட்டினி கிடந்ததைக் கண்டுபிடித்த மொரிதா, தன் மனைவியிடம் சொல்லிக் கடல்பாசியில் தனியாக ரசம் வைக்கச் செய்து தினமும் டப்பாவில் கொண்டுவந்து கொடுக்கிறாராம். பிறகு குரல் இறங்கியது.

“அக்கா, முப்பத்தொண்ணாந்தேதி பழைய சிஸ்டத்தை நிறுத்தப் போறாங்க. நம்மளுது ரெடியாவலன்னா கிடங்குலேர்ந்து மருந்தே வெளிய போவாது. அபிஷேக் அண்ணன் மே ஆவும்ங்கிறாரு. நான் மொரிதா மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

விஷாகா நேராக ஜானகிராமன் அறைக்குப் போனாள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“தெரியும்மா. இப்ப சொன்னா, இங்கேர்ந்து அனுப்புற ஆளைத்தான் மொதல்ல நிறுத்துவாங்க. அது நீதான். இருபதாந்தேதிக்குள்ள விசா வந்துரும். அதுவரிக்கும் சரின்னு சொல்லிகினு இரு. நீ அங்க போய் எறங்கிட்டப்புறம் நானே பேசிக்கிறேன். இத்தினி வருஷம் உன்ன இங்கயே கட்டிப்போட்டது நான்தான். அந்தப் பாவம் எனக்கு வாணாம்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. உண்மையாகவே அவளுக்கு நல்லது செய்ய நினைத்தார். நல்லதைப் பொய்யில் பொதிந்து கொடுத்தால், வாங்குகிறவர் எதைப் பிரித்து எதை வைத்துக்கொள்வார்?

சனிக்கிழமை சகுந்தலா அவளை மாமல்லபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். விசா வருமுன்பே தலசயனப் பெருமாளுக்கு ஒரு அர்ச்சனை. பாம்பணை இல்லாமல் வெறும் தரையில் படுத்திருக்கிற பெருமாள். பாற்கடலுக்குப் போய்ப் பெருமாளைப் பார்த்தே தீருவேன் என்று கடல் தண்ணீரைக் கையால் இறைத்துக்கொண்டிருந்த ரிஷியிடம், பசிக்கிறது என்று ஒரு கிழவர் வந்து நின்றாராம். ரிஷி இறைப்பதை விட்டுவிட்டுச் சோறு கொண்டுவரப் போனார். திரும்பி வந்தால், போகவேண்டிய இடத்திலிருந்தவர் இந்தக் கரையிலேயே படுத்திருந்தார். சிறுவயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்கு விஷாகா எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. என்னவென்று வேண்டுவது? பொய் நிற்கட்டும் என்றா, பொய் பலிக்கட்டும் என்றா? தீர்த்தத்தை வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தாள். அம்மா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸில் மகள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமைக் கூட்டம் வழக்கம்போலத் தொடங்கியது. அபிஷேக் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். ஜானகிராமன் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். மொரிதா தொண்டையைச் செருமினார். வழக்கமான கேள்விக்கு முன்னால், கொஞ்சம் தயங்கி, ஒவ்வொரு எழுத்தாக மிதித்துத் தாண்டுகிறவர்போல, தமிழில் கேட்டார்.

“சாப்பிட்டீங்களா, விஷாகா-சான்?”

பின்னால் ஷ்யாம் சிரிப்பது கேட்டது. பெயரோடு சேர்த்த ‘சான்’ என்ற அவர்கள் ஊர் மரியாதை தவிர, மற்றது அவன் சொல்லிக்கொடுத்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மனிதர், கண்ணால் பார்த்திராத ஒரு பெண்ணுக்காக இந்த ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்திருக்கிறார்.

விஷாகா சாப்பிட்டேன் என்று தமிழிலேயே சொன்னாள். பிறகு அவர் மொழிக்கு மாறினாள். இந்தத் தடவை அவள் குனியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பேசினாள். மருந்து திரும்பும் கணக்கு மார்ச்சில் முடியாது, மே நடுவில்தான் முடியும், தயவுசெய்து பழைய சிஸ்டத்தை நிறுத்தாதீர்கள் என்றாள். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், அத்தனை வாரமும் சரி என்று சொன்ன வாய் தன்னுடையது, ஷ்யாமுக்கு இதில் பங்கில்லை என்றாள்.

ஜானகிராமன் நிமிர்ந்தார்.

“இன்னாம்மா, இவ்ளோ நேரம் பேசற? சரின்னுதானே சொன்ன?”

“இல்ல சார். முடியாதுன்னு சொல்லிட்டேன்.”

பேனா உருளுவது நின்றது. அபிஷேக் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பிறகு மொரிதா பேசினார். குரலில் கனிவு இல்லை, வேலை பேசுகிற குரல். மே நடுவில் என்றால் எந்தத் தேதி என்று கேட்டார். அபிஷேக் சொன்னான், விஷாகா சொன்னாள். அது மெய்யான தேதியா என்று கேட்டார். மெய்யான தேதிதான் என்றாள். இன்னும் மூன்று வாரம் மிச்சமிருக்கிறது, ஆஸ்பத்திரிகளிடம் தான் போய்ப் பேசிக்கொள்வதாகச் சொன்னார். கடைசியில், சொல்வது உங்களுக்கு எளிதாக இருந்திருக்காது என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தார்.

ஜானகிராமன் சொன்னது அப்படியே நடந்தது. வேலை தள்ளிப்போனதால் ஆள் அனுப்புவதை ஒசாகா நிறுத்திவிட்டது. மேலிடத்தில் அவருக்கு நல்ல மண்டகப்படி. திரும்பி வந்து, “உன் பேரை எடுத்துட்டாங்கம்மா” என்றார். அதற்குமேல் அன்று அவர் அவளிடம் பேசவில்லை. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

வீட்டில் அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். சகுந்தலா சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே குழாய் திறந்து ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. தாமோதரன் மட்டும் எதையோ யோசிப்பவராக உட்கார்ந்திருந்தார்.

“அப்ப மருந்து நிக்காது?” என்று கேட்டார்.

“நிக்காதுப்பா.”

“நீ எப்ப போவ?”

“தெரியலப்பா. போகாமலேகூட இருக்கலாம்.”

அவர் தலையை ஆட்டினார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்தார். பொழுது சாய்கிற நேரம். குடியிருப்பில் எல்லோரும் வாசலில் இருப்பார்கள். விஷாகா பின்னாலேயே வாசல் கேட் வரை வந்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

“எல்லார்கிட்டயும் நான்தான சொல்லி வெச்சேன், பொண்ணு போறான்னு. போகலன்னும் நானே சொல்லிட்டு வரேன். நாளைக்கு உன்ன நிறுத்தி யாரும் கேக்கக் கூடாது.”

அதிகம் பேசாத மனிதர் அவர். எதிர்வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அவர் பேச ஆரம்பிப்பதை விஷாகா பார்த்தாள். பிறகு அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. தெரு திரும்பும்வரை பார்த்துவிட்டு, அம்மாவிடம் உள்ளே போனாள்.