மலைத் தண்ணீரும் குளிர்ப்பெட்டியும்

"பிளக்கைக் குத்தாதையும் தம்பி! அவர் எழும்பி வந்து கழட்டிப்போடுவார்" என்று சறோஜினிதேவி கத்தினாள். பிரேதம் வைக்கும் குளிர்ப்பெட்டியைக் கொண்டுவந்தவன், அதற்குள் கிடந்த அவள் புருஷன் ஏரம்புவின் முகத்தை ஒருதரம் பயத்தோடு பார்த்துக்கொண்டான்.

அழுகையின் நடுவிலும் மகள் நிலாந்தினிக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சொன்னது பொய்யில்லை. போன வருடம் வேலணைத் தீவு ஆட்களோடு மலைநாட்டு ஏரிகளைப் பார்க்கப் போன அப்பா, வேறு ஆளாகத்தான் திரும்பி வந்தார். மின்சாரம் எடுப்பதற்காக ஏரித் தண்ணீரைச் சுரங்கம் வெட்டித் திருப்பியிருந்தார்களாம். கீழே ஆறு வெறும் கல்லாகக் கிடந்ததாம். சுரங்கம் போன வழியில் ஊர்க் கிணறுகளும் வற்றிப்போயினவாம். அங்கே ஒரு பெண் அரைக் கோப்பைத் தேநீர் கொடுத்துவிட்டு, "தண்ணி இவ்வளவுதாங்க இருக்கு" என்று வெட்கப்பட்டாளாம். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்து வளர்ந்த தீவு மனிதருக்கு அது தாங்கவில்லை. வீட்டில் லைற் எரிந்தால், ஃபான் சுற்றினால் போதும்: "ஆரின்ரையோ ஆறு சுத்துது, நிப்பாட்டு!" நிலாந்தினியின் கணவர் இருட்டில் சாப்பிட்டு, மீன்முள் குத்தி ஆஸ்பத்திரிக்குப் போனதும் இதனால்தான்.

ரொறன்ரோவிலிருந்து தம்பி சுதன் அழைத்தான். "அக்கா, மூண்டு நாள் வைச்சிருங்கோ. நான் வந்து முகம் பாக்கவேணும்."

அவனுக்கு இல்லையென்று சொல்ல அவளால் ஏலவில்லை. பிளக்கைக் குத்தச் சொன்னாள். பெட்டி உறுமத் தொடங்கியது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தேநீர் கொடுத்து முடியவில்லை, ஒழுங்கை முழுக்க, எல்லா வீட்டிலும், கரண்ட் நின்றுபோனது.

எல்லோரும் ஏரம்புவைப் பார்த்தார்கள். "அண்ணை விடமாட்டார் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் அவருடைய தங்கை இலட்சுமிப்பிள்ளை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரித்தபடியே போனை வாங்கினாள்.

"தம்பி, உன்ரை அப்பர் கரண்டை நிப்பாட்டிப்போட்டார்."

சுதன் முதலில் சிரித்தான். பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"சரியம்மா. அப்பாவை இண்டைக்குப் பின்னேரமே எடுங்கோ, எனக்காக வைச்சிருக்கவேண்டாம். போனை முகத்துக்குக் கிட்டப் பிடியுங்கோ... ஒண்டும் தெரியேல்லை. லைற்றைப் போடுங்கோவன்."

"கரண்ட் இல்லையடா" என்றாள் நிலாந்தினி. ஓடிப்போய் எல்லா யன்னல்களையும் திறந்துவிட்டாள்.

அப்பாவைப் பாயில் கிடத்தினார்கள். பின்னேரம்வரை அம்மா பக்கத்தில் இருந்து பனையோலை விசிறியால் ஈ ஓட்டினாள்.

ஆண்கள் அப்பாவைச் சுடலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசல் படலைவரை போன பெண்கள் திரும்பி வந்தபோது, வெறும் பாய்க்குப் பக்கத்தில் அம்மா இருந்தாள். கை இன்னும் மெதுவாக வீசிக்கொண்டிருந்தது.

இலட்சுமிப்பிள்ளை விசிறியை வாங்கப் போனாள். நிலாந்தினி வேண்டாமென்று தலையசைத்தாள்.