நிமிஷத்துக்கு நூற்றைம்பத்திரண்டு

சந்தியாவுக்கு நாடி பார்க்கிற வேலை. ஆந்திர எல்லையில், சாந்திபுரத்துப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸ். வருகிறவர்களின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, அரை நிமிஷம் எண்ணி, இரண்டால் பெருக்கி எழுதுவாள். அந்த எண்ணிக்கையில் அவள் தப்புப் பண்ணியதை டாக்டர் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை. அந்தத் தைரியம்தான் அவளை வம்பில் கொண்டுபோய் விட்டது.

வேலை முடிந்தால் காதில் ஹவுஸ், டெக்னோ என்கிற மின்னிசை. தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், கீழே ஒரே சீராக தம் தம் தம் தம் என்று ஓடிக்கொண்டிருக்கும், மேலே ஒவ்வொன்றாகச் சத்தங்கள் வந்து சேரும், விலகும். ஒரு பாட்டு ஆறேழு நிமிஷம் போகும். சொற்கள் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அவளுடைய அப்பா சின்னப்பன் ஒருநாள் தக்காளித் தோட்டத்திலிருந்து வந்தவர், ஆசையாக ஒரு இயர்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, மோட்டார் ஓடிக்கினு கீற மாதிரி கீது. பாட்டு எப்போ வரும்?"

"இதான் நைனா பாட்டு."

நல்ல மனுஷர். பாட்டு வரும் என்று இன்னும் இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஆக, ஊரில் இதைப் பேச ஒரு ஆள் கிடையாது. பேசுவதற்கென்று டெலிகிராமில் ஒரு குழு இருந்தது. பெயர் 'நாலுக்கு நாலு', அந்தப் பாட்டுகளின் தாளக் கணக்கு. சித்தூர், திருப்பதி, வேலூர், பெங்களூர் என்று நூற்று நாற்பது பேர், தமிழும் தெலுங்கும் கலந்துகட்டி எழுதுவார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஒருவர் ஒரு பாட்டை அனுப்பினால், கேட்டவர் பதிலுக்கு இன்னொன்றை அனுப்ப வேண்டும். கல்யாண வீட்டு மொய் மாதிரி, வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் மரியாதை இல்லை.

அந்தக் குழுவில் சந்தியா பெரிய ஆள். அவள் பாட்டைப் பற்றி எழுதுகிற விதமே தனி. 'இதை வெறும் வயிற்றில் கேட்காதீர்கள், நாலாவது நிமிஷத்தில் மூச்சு வாங்கும்' என்பாள். 'இது பஸ்ஸைத் துரத்துகிறவர்களுக்கான பாட்டு, சீட்டு கிடைத்தவர்கள் கேட்டுப் பிரயோஜனமில்லை' என்பாள். அதற்கு முப்பது பேர் கைதட்டுவார்கள். நம் காதில் விழாதது இந்தப் பெண் காதில் விழுகிறதே என்று ஆச்சரியப்படுவார்கள்.

ஆச்சரியப்படாத ஒரே ஆள் எழிலரசன். சித்தூர்ப் பக்கம் குடிபாலாக்காரர், பால் வண்டி ஓட்டுகிறவர். 'பியானோ அக்கா' என்று குழு செல்லப்பெயர் வைத்திருந்த ஒரு ஹவுஸ் பாட்டு உண்டு. ஒரு பியானோ, ஒரு பெண் குரல், ஏழரை நிமிஷம். வெறும் வயிற்றில் கேட்காதீர்கள் என்று சந்தியா எழுதியது இதைத்தான். 'இந்தப் பாட்டு நிற்காமல் ஓடுகிறது, அந்த அக்காவைத் துரத்திக்கொண்டு யாரோ வருகிறார்கள்' என்றும் எழுதியிருந்தாள். எழிலரசன், 'மன்னிக்கணும், எனக்கு அந்த அக்கா சாய்வு நாற்காலியில உக்காந்து பாடற மாதிரி கீதே' என்று பதில் போட்டார். சந்தியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. 'காதைச் சுத்தம் பண்ண எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், இலவசம்' என்று எழுதினாள். குழுவே சிரித்தது. மனுஷர் அதற்கப்புறம் பதில் போடவில்லை.

இப்படி இருக்கையில், குழுவை நடத்துகிற மாதவி ஒரு யோசனை சொன்னாள். மாதவி திருப்பதிக்காரி. கோயில் கைங்கரியக் குடும்பம், அப்பா விடியற்காலையில் பிரபந்த கோஷ்டிக்குப் போகிறவர். மகள் வீட்டிலிருந்தே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் பிழை கண்டுபிடித்துக் கொடுக்கிற வேலை பார்த்தாள், ஹெட்போனுக்குள் டெக்னோ கேட்டாள். திருப்பதியில் அவள் தோழி ஒருத்தியின் நடனப் பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமை மதியம் காலியாக இருக்கும். நல்ல ஸ்பீக்கர். வரமுடிந்தவர்கள் வரட்டும், முதல் ஒரு மணி நேரம் சந்தியா தான் விரும்பிய பாட்டுகளைப் போட்டுப் பேசட்டும்.

சந்தியாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து அவளை யாரும் எங்கேயும் அபிப்பிராயம் சொல்லக் கூப்பிட்டதில்லை. ஊசி போடக் கூப்பிட்டிருக்கிறார்கள், வீடு வீடாகக் கணக்கெடுக்க அனுப்பியிருக்கிறார்கள். 'உனக்கு எது நல்லாயிருக்குன்னு வந்து சொல்லு' என்று நூற்று நாற்பது பேரில் அவளைப் பொறுக்கியது இதுதான் முதல் தடவை. ஒன்பது பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்வது என்று ஒரு நோட்டில் எழுதினாள்.

வியாழக்கிழமை மாதவி போன் பண்ணினாள். பாட்டுகளை ஒன்றோடொன்று இடறாமல் கோக்க வேண்டும், அதற்கு ஒவ்வொன்றுக்கும் நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று தெரிய வேண்டும்.

"எண்ணி வெச்சிட்டேன்க்கா," என்றாள் சந்தியா. "பியானோ அக்கா நூத்தி ஐம்பத்திரண்டு."

"என்னது? என் லேப்டாப் நூத்தி இருபத்திரண்டுன்னு காட்டறதே. ஹவுஸ் பாட்டுடி, நூத்தி ஐம்பது எங்க போகும்?"

"அக்கா, நான் தெனம் அறுபது பேருக்கு நாடி பாக்கறேன். நூத்தி ஐம்பத்திரண்டு."

"லேப்டாப் பொய் சொல்லாது."

"என் கடிகாரமும் சொல்லாது."

இரண்டு பேருமே பிடிவாதக்காரிகள். மாதவிக்குப் பிழை தேடுவது பிழைப்பு, விடுவாளா. "சரி, போனை வைக்காதே. நான் மூணு எண்றேன். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல போடுவோம். யாருக்கு எப்ப முடியறதுன்னு பாத்துடலாம்."

போட்டார்கள். இணைப்பைத் துண்டிக்காமல், இங்கே இவளும் அங்கே அவளுமாக இயர்போனில் கேட்டார்கள். சந்தியாவுக்கு வேடிக்கையாக இருந்தது. தோற்கப்போவது லேப்டாப்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பாட்டு ஓடி முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள், சரியாக ஆறு நிமிஷம்.

"முடிஞ்சிடுச்சுக்கா."

"என்னடி சொல்ற? இங்க அவ இன்னும் பாடிண்டிருக்கா."

ஒன்றரை நிமிஷம் கழித்துத்தான் மாதவிக்கு முடிந்தது. சந்தியா ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாட்டு கேட்கிற செயலியின் மூலையில், கடுகு அளவில் ஓர் எண் இருந்தது. 1.25.

நிரந்தர வேலைக்கான தேர்வுக்கு அவள் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சி வகுப்பு ஆசிரியர் ஒருவர், எதையும் மூன்று தடவை சொல்லாமல் விடமாட்டார். அவருடைய பாடங்களைத் தரவிறக்கி, மனுஷர் சீக்கிரம் முடிக்கட்டும் என்று வேகத்தைக் கூட்டி வைத்திருந்தாள். அதே செயலியில்தான் பாட்டும் கேட்டாள். குரல் கீச்சென்று மாறியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், ஆனால் இந்தக் காலத்துச் செயலி சமர்த்து, சுருதியைக் கெடுக்காமல் வேகத்தை மட்டும் கூட்டியது. ஒரு வருஷமாக, இருநூறு பாட்டுக்கு மேல், அத்தனையையும் அவள் துரத்தித் துரத்திக் கேட்டிருக்கிறாள்.

துரத்திக்கொண்டு வந்தது வேறு யாருமில்லை, அவள்தான்.

வெட்கம் காது மடல்வரை ஏறியது. மூச்சு வாங்கும் என்று எழுதியது, பஸ்ஸைத் துரத்துகிற பாட்டு என்று எழுதியது, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்து குத்தியது. காதைச் சுத்தம் பண்ணச் சொன்னது வந்தபோது அழுகையே வந்துவிட்டது.

மாதவி முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். சந்தியா விசும்புவது கேட்டதும் நிறுத்திக்கொண்டாள்.

"அழாதேடி. யாருக்குத் தெரியப்போறது? ஞாயித்துக்கிழமை நான் லேப்டாப்ல எல்லாத்தையும் ஒண்ணே காலுக்கு ஏத்தி வெச்சுடறேன். நீ எழுதினது எல்லாம் அப்படியே நிக்கும். நமக்குள்ளயே இருக்கட்டும்."

நல்ல வழிதான். சந்தியா அன்றும் மறுநாளும் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒத்துக்கொண்டால் மானம் பிழைக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எழிலரசன் வந்தால்? சரியாகக் கேட்ட ஒரே மனுஷர், தன் காது கெட்டுப்போயிருக்கிறது என்று நம்பிக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அதை அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது.

அவள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியின் அட்டையில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, கீழே கையெழுத்து. பழைய தப்பும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம், கூட்டம் குறைந்ததும், குழுவைத் திறந்து தன் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடு போட்டாள். பக்கத்தில், '1.25 வேகத்தில் கேட்டது. உண்மையான பாட்டை நான் இன்னும் கேட்கவில்லை. சந்தியா' என்று எழுதினாள். கடைசியில் எழிலரசனிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். பதில் வருவதற்குள் ஃபோனை அணைத்துவிட்டாள்.

போவதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை காலைவரை முடிவாகவில்லை. வெங்கடம்மா, அவளுடைய அம்மா, கேழ்வரகுக் களியை உருட்டித் தட்டில் வைத்துவிட்டு, "போற ஆளா, போவாத ஆளா நீ? போறதுன்னா துன்னுட்டுப் போ," என்றாள். துன்றது துன்றோம், போய்த்தான் தொலைவோமே என்று கிளம்பினாள். பலமநேர், சித்தூர் என்று பஸ் போய்க்கொண்டே இருந்தது. வழியில் ஒரு பாட்டும் கேட்கவில்லை. சரியான வேகத்தில் முதல் தடவை கேட்பதை எல்லோரோடும் சேர்ந்து கேட்கலாம் என்று வைத்துக்கொண்டாள். நோட்டையும் எடுத்துக்கொண்டு வரவில்லை.

நடனப் பள்ளியில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி, ஆகவே நாற்பத்தாறு பேராகத் தெரிந்தார்கள். யாரும் கேலி பண்ணவில்லை, ஆனால் எல்லோருடைய உதட்டிலும் ஒரு சிரிப்பு ஒளிந்துகொண்டிருந்தது. மாதவி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் எழுதிக்கினு வரல," என்று சந்தியா எழுந்து நின்று சொன்னாள். "இந்தப் பாட்டை எல்லாம் நானும் இன்னிக்குத்தான் கேக்கப்போறேன்."

பியானோ அக்கா ஆரம்பித்தது. சந்தியாவுக்கு முதலில் பாட்டு எங்கேயோ மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. தாளம் போட்ட கால் முன்னால் போனது, அடி பின்னால் வந்தது. இரண்டாவது நிமிஷத்தில் கால் தணிந்தது. பியானோ ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் மூச்சு விட்டது. அந்தப் பெண் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் லேசாகச் சிரித்துவிட்டுப் பாடினாள், அந்தச் சிரிப்பை இவள் இதுவரை கேட்டதே இல்லை. யாரும் யாரையும் துரத்தவில்லை. சாய்வு நாற்காலிதான், சந்தேகமேயில்லை.

பாட்டு முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும், சலவைச் சட்டை, கையில் சுருட்டிய துண்டு.

"நான்தாம்மா எழிலரசன்."

சந்தியா கைகூப்பினாள்.

"அத்த விடுங்க. நீங்க எழுதனது என் காதுல விழலியேன்னு நான் வண்டிக்குப் புது ஸ்பீக்கர் போட்டேன். அப்பவும் விழல. டாக்டராண்ட போயி காதையும் காட்னேன், நல்லாக்கீதுன்னு சொல்லிட்டாரு. ஓடற அந்தப் பாட்டை ஒரு வருசமா தேடிக்கினு கீறேன்." அவர் மாதவி பக்கம் திரும்பினார். "மேடம், இவங்க கேட்ட மாதிரி ஒரு தபா போடுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

மாதவி சந்தியாவைப் பார்த்தாள். சந்தியா தலையாட்டினாள். மாதவி எண்ணை மாற்றினாள்.

பாட்டு பாய்ந்து வந்தது. எழிலரசன் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டார். துண்டைப் பிடித்திருந்த கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. நாலாவது நிமிஷத்தில், சந்தியா எழுதியிருந்த அதே இடத்தில், அவர் வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் ஆட எழுந்துவிட்டார்கள். ஆறு நிமிஷமும் முடிகிறவரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"எல்லாம் கீதும்மா," என்றார். "துரத்தறது, மூச்சு வாங்கறது, நீங்க எழுதனது ஒண்ணுவிடாம கீது. குறுக்க போட்ட கோடெல்லாம் எடுத்துடுங்க."

சந்தியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. கெட்டுப்போனது வேகம்தான், காது இல்லை. மாதவி அடுத்த பாட்டை எந்த வேகத்தில் போடுவது என்று கேட்டாள். சந்தியா எழிலரசனைப் பார்த்தாள், அவர் இவளைப் பார்த்தார், அதற்குள் அறையில் பாதிப் பேர் ஒரு வேகத்தையும் பாதிப் பேர் இன்னொரு வேகத்தையும் சொல்லிக் கத்த ஆரம்பித்திருந்தார்கள்.