பூக்காத கொக்கோத்தாய்

கணவன் இறந்தபின் நிக்காசியாவுக்கு மிஞ்சியது மலைச்சரிவில் கொக்கோக் கன்றுகள் நட்ட ஒரு துண்டு நிலம். அதன்மேல் கொழுந்தன் எவுசேபியோவுக்கு ஒரு கண்.

"இந்தக் கோடையிலயும் கன்னு கருகிச்சுன்னா மாட்டை இறக்கிடுவேன், அண்ணி. புல்லாவது மொளைக்கட்டும்" என்று வீட்டார் முன்னால் சொல்லிவிட்டான். வீட்டாரும் தலையாட்டிவிட்டார்கள்.

போன கோடையில் பாதிக் கன்றுகள் கருகியது அவளால்தான். நிழலுக்காக வளர்த்த கொக்கோத்தாய் மரங்கள், வெயில் ஏறிய நேரம் பார்த்து இலையெல்லாம் உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கின. தவக்காலத்தில் அந்தப் பூவை முட்டையில் புரட்டிப் பொரிக்காத வீடு பள்ளத்தாக்கிலேயே கிடையாது. ஊரே கூடையோடு வந்தது. கீழே கன்றுகள் வதங்குவதைக் கவனிக்காமல் அவளும் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். புத்திகெட்ட பெருமை! வேலிக்காகக் கிளை வெட்டப்பட்ட ஒரே ஒரு மரம் மட்டும் பூக்காமல் தழைத்து நின்றது. அதன் நிழலில் இருந்த கன்றுகள் அத்தனையும் பிழைத்தன.

இந்த முறை மழை ஓயுமுன்பே, தேய்பிறை பார்த்து, வெட்டுக்கத்தியோடு மரமேறினாள். ஒரு மரத்தையும் விடாமல் கிளைகளை வெட்டித் தள்ளினாள்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு ஒனக்கு? தவக்காலத்துக்குப் பூ வேணாமா?" என்று கீழேயிருந்து கத்தினாள் பக்கத்து வீட்டு ரொசெந்தா.

"பூத்தா இலை கொட்டிடும்க்கா. இந்த வருசம் முட்டையை வெறுமனே தின்னுங்க."

"சாமி மன்னிக்காதுடி!"

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க தழையை அள்ளிட்டுப் போயி மாட்டுக்குப் போடுங்க."

ரொசெந்தா அதன்பின் பேசவேயில்லை. தழையை மட்டும் ஒரு கட்டு விடாமல் கொண்டுபோனாள். அந்த மௌனம் நிக்காசியாவுக்கு வலித்தது. ஆனாலும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

தவக்காலம் வந்தது. மலை முழுக்க இளஞ்சிவப்பு. அவள் நிலம் மட்டும் பச்சை.

ஒருநாள் நடுமதியத்தில் எவுசேபியோ மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். முகம் வெயிலில் வெந்து சிவந்திருந்தது. உள்ளே நுழைந்து, குனிந்து, ஒரு கன்றின் பட்டையை நகத்தால் கீறினான். பச்சை. இன்னொன்றைக் கீறினான். அதுவும் பச்சை.

தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே நிழலில் உட்கார்ந்தான்.

"குடிக்கத் தண்ணி இருக்கா, அண்ணி?"

"இருக்கு. மொதல்ல மாட்டை வெளிய கட்டிட்டு வா."

அவன் எழுந்து போய்க் கட்டினான்.