ஒத்துப்போன விடை

சில விண்மீன் திரள்களின் நடுவே நட்சத்திரங்கள் நீளப் பட்டையாகத் திரண்டு கிடக்கும். அந்தப் பட்டை ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கப் பல கோடி வருஷம் பிடிக்கும். உட்கார்ந்து பார்க்க யாருக்கு ஆயுசு இருக்கிறது? அதனால் திரள் வானத்தில் எந்தக் கோணத்தில் சாய்ந்து கிடக்கிறது என்று படத்தில் அளந்து, அதையும் நட்சத்திரங்களின் ஓட்டத்தையும் வைத்துப் பட்டையின் வேகத்தைக் கணக்கிடுவார்கள். கோணம் கொஞ்சம் பிசகினாலும் விடை கந்தல்தான்.

மியூனிக்கில் நிருபமாவும் அவள் கணவன் உதயும் ஒரே ஆய்வுக் குழுவில் இந்த வேலைதான் பார்த்தார்கள். 2006 குளிர்காலத்தில் நிருபமாவின் ஒப்பந்தம் முடிய இருந்தது. கட்டுரை ஒன்று போனால்தான் நீட்டிப்பு. குழுத்தலைவர் பீலிக்ஸ் ஒரு நிபந்தனை போட்டார்: இருவரும் தனித்தனியே அளக்க வேண்டும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியக் கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பதில் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்தார் போலும். பாவம், கல்யாணமாகாதவர்.

அன்றிலிருந்து வீட்டில் வானத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. சாம்பாரும், கீழ்த்தளத்து வாஷிங் மெஷினில் இன்று யார் முறை என்பதும்தான் பேச்சு.

விடைகள் அச்சாக ஒத்துப்போயின. பீலிக்ஸ் கை குலுக்கினார். திங்கட்கிழமை கட்டுரை போக வேண்டியது.

சனிக்கிழமை நிருபமா படத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். திரளின் ஓரத்தில் தெரிந்த மங்கலான வெளிச்சம் பின்னால் இருக்கும் வேறொரு திரளுடையது. அதையும் சேர்த்து அளந்திருந்தாள். கோணம் தப்பு, விடையும் தப்பு. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அவள் தப்பு செய்தாள், சரி. உதய் எப்படி அதே தப்பைச் செய்தான்?

அவன் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

"உதய், ஓரத்துல இருக்கிற வெளிச்சத்தை நீ சேர்த்தியா?"

"இல்லையே. அதை மறைச்சு மாஸ்க் பண்ணிட்டேன்."

"அப்போ உனக்கு என் ஆன்சர் வந்திருக்கவே கூடாது."

அவன் ஒரு சாக்ஸை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"தோசை வார்க்கும்போது நீ நம்பரை முணுமுணுப்ப. உனக்கே தெரியாது. எனக்கு வேற ஆங்கிள் வந்திருந்துச்சு. நீ தப்பா போட மாட்ட, நான்தான் எங்கயோ சொதப்பிட்டேன்னு மாத்திட்டேன்."

நிருபமாவுக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்தது. கையில் இருந்த சரியான விடையைத் தூக்கிப் போட்டிருக்கிறான், அதுவும் அவள் பிழைப்பு தொங்கலில் இருக்கும்போது. ஆனாலும் தன்னைவிட அவளை நம்பிய அந்த முட்டாளின் மேல் பிரியம் பொங்கியதை அவளால் மறைக்க முடியவில்லை.

திங்கட்கிழமை இருவருமாகப் போய் பீலிக்ஸிடம் ஒன்று விடாமல் சொன்னார்கள். அவர் இன்னொருவரை அளக்கச் சொன்னார். உதய் தூக்கிப் போட்ட எண்தான் வந்தது. கட்டுரை தாமதமாகப் போனது. ஒப்பந்தம் ஆறு மாதம் மட்டும் நீண்டது.

அந்தச் செய்தி வந்த அன்று மாலை ரயிலில் அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"இனிமே என்னை நம்பாத."

"எதுல?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஆங்கிள்ல மட்டும்."