சட்டை வால்

எங்கள் வேட்டைக் கேம்பின் சுவரில் மான் கொம்புகளைவிடச் சட்டை வால்கள்தான் அதிகம். மானைச் சுட்டு ஒருவன் குறி தவறினால், அன்று மாலை அவனை அடுப்புக்கு முன்னால் நிறுத்தி, தோலுரிக்கிற கத்தியால் சட்டையின் பின்பக்கத் தொங்கலை அறுத்துச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். அதன்மேல் பெயரும் வருடமும் மையில் எழுதப்படும். காட்டுக்குள் அந்த மரவீட்டைக் கட்டிய தாத்தாவுக்கே அங்கே ஒரு வால் உண்டு. ஒன்று இருந்தால் கேலி, அவ்வளவுதான். என் அக்கா ஜோலீனின் கணவர் கிளேட்டன் அத்தானுக்கு நான்கு இருந்தன. கல்யாணமாகி நான்கு வருடம்.

அத்தான் பெரிய பாலத்துக்குத் தெற்கே பிறந்தவர். அந்தப் பக்கத்து ஆட்களை எங்கள் பக்கத்தில் பாலத்தடிப் பூதம் என்பார்கள். என் அண்ணன்களுக்குக் கேலி செய்ய அதுவே போதும்.

"பாலத்துக்கு அடியில கெடந்த பூதம்தானே. அதுக்கு வண்டிச் சத்தம் தெரியும், மான் சத்தம் எங்க தெரியும்?" என்பான் பெரியவன் ரெய்னோ.

"விடுண்ணே. மாப்ளயாலதான் சட்டைக் கடைக்காரன் பொழைக்கிறான்" என்பான் சின்னவன் கீத்.

அத்தான் சிரித்துக்கொள்வார். கோடையில் வேலிமேல் வரிசையாக வைத்த பியர் டப்பாக்களில் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அதனால் எனக்கு அந்த மானைத் தெரியும்.

அத்தானுக்குச் சாலை பராமரிப்பு வேலை. இரண்டு வசந்தங்களுக்கு முன்னால், மரலாரி அடித்த பெண் மானைச் சாலையிலிருந்து இழுத்துப் போட்டபோது, பக்கத்துப் புல்லில் அதன் குட்டி படுத்திருந்தது. தன் ஆரஞ்சு நிற வேலைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். விறகு அடுக்குக்குப் பின்னால் வைத்துப் பால் கொடுத்தார். வளர்ந்து காட்டுக்குப் போன பிறகும், சாயங்காலமானால் ஆப்பிள் தின்ன வந்துவிடும். இடது காது கிழிந்திருக்கும். இந்த வருடம் இரண்டு கிளைவிட்ட கொம்பு முளைத்திருந்தது.

அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "பேர் வெச்சா வாய் தவறி யார்கிட்டயாவது சொல்லிடுவேன்" என்றார். மான்களுக்கு மூளை அழுகும் நோய் பரவியதிலிருந்து எங்கள் பக்கத்தில் காட்டு மானுக்குத் தீனி போடக்கூடாது. வனவிலங்கு அதிகாரிக்குத் தெரிந்தால் அத்தானுக்கு அபராதத்தோடு போகும். மானைச் சுட்டு, தலையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள், அக்கா அந்த வேலைக் கோட்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். மான் வந்து அதன் கீழே நின்று, தொங்கிய கையை நக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் சிரித்தோம். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் வாசலிலேயே நின்றார்.

"அது என்னைத் தேடி வரல" என்றார். "இந்த நெறத்தைத் தேடி வருது."

நவம்பர் பதினைந்தாம் தேதி வேட்டை தொடங்கினால் காட்டில் இருக்கிற ஒவ்வொரு மனிதனும் அந்த நிறத்தில்தான் இருப்பான். ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாமல் இருப்பதற்காக வந்த சட்டம்.

அடுத்த நாளிலிருந்து அத்தான் அதைக் கல்லால் அடித்தார். கோட்டைப் போட்டுக்கொண்டே அடித்தார், அந்த நிறத்துக்குப் பயப்படட்டும் என்று. அது பத்தடி ஓடி, திரும்பி நின்று, கல் விழுந்த இடத்தை முகர்ந்து பார்க்கும். ஆப்பிள் என்று நினைத்திருக்கும்.

வேட்டைக்கு முந்தின மாலை கேம்பில் இடம் பிரித்தார்கள். நான் சமையலுக்குப் போயிருந்தேன்.

"சதுப்புப் பக்கம் நான் உக்காந்துக்கறேன் மச்சான்" என்றார் அத்தான். எங்கள் வீட்டுப் பக்கமிருந்து மான் வருகிற வழி அது.

ரெய்னோ அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "எடுத்துக்க மாப்ளே. ஆனா அஞ்சாவது வால் தொங்குச்சுன்னா நீ நம்ம சமையக்காரக் குட்டியோட சேர்ந்து பாத்திரம் கழுவு. துப்பாக்கியத் தொடாத."

"பாத்திரமாவது கைதவறாமப் புடிப்பாரா?" என்றான் கீத்.

காலையில், இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்த பேஸ்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு அத்தானிடம் போனேன். ஆரஞ்சுத் தொப்பி போட்டிருந்தேன். நான் போய் உட்கார்ந்ததுமே தேவதாரு மரங்களுக்கு நடுவிலிருந்து அது வந்தது. நேராக, அவசரமில்லாமல், சாயங்காலம் விறகு அடுக்குக்கு வருகிற மாதிரியே வந்தது.

அத்தான் அதன் காலுக்கு முன்னால் பனியில் சுட்டார். மான் துள்ளி, நின்று, மறுபடி நடந்தது.

"போ! போய்த் தொலை!" கட்டையைத் தூக்கி எறிந்தார். அது விலாவில் பட்டது. மான் விலகி, திறந்தவெளிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. சத்தம் கேட்டு ரெய்னோவும் கீத்தும் அங்கே எழுந்து நின்றிருந்தார்கள். இரண்டு ஆரஞ்சுக் கோட்டுகள். அது அவர்களை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

அத்தான் ஓடினார். நானும் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது கீத் தன் பேஸ்டியைப் பிட்டு நீட்டிக்கொண்டிருந்தான். மான் அவன் உள்ளங்கையில் தின்றுகொண்டிருந்தது.

"அடேய், விட்டா சீட்டாட உக்காந்துடும் போலருக்கே!" கீத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சுடாத" என்றான் ரெய்னோ அவனிடம். "இது மாப்ளயோடது. வா மாப்ளே. இதையும் நீ தவறவிட்டா உலகத்துல யாராலயும் உன்னைக் காப்பாத்த முடியாது."

"விட்டுடுங்க மச்சான். சின்னது."

"கொம்பு இருக்கு. சட்டம் ஒத்துக்குது. ஏன், தெரிஞ்ச மானா?"

அத்தான் வாயைத் திறந்தார். ஆம் என்றால் அதிகாரி வருவார், மான் சாகும். இல்லை என்றால் சுட வேண்டும்.

"சரி, ஓடிடாம நான் புடிச்சுத் தரேன்" என்று ரெய்னோ துப்பாக்கியைத் தாழ்த்தி அதன் பின்தொடையில் சுட்டான்.

மான் கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பின்கால்கள் விழுந்துவிட்டன. முன்கால்களால் பனியைப் பறித்துப் பறித்து, சுட்டவனிடமிருந்து விலகி, அடுத்த ஆரஞ்சுக் கோட்டை நோக்கி வந்தது. அத்தானின் முழங்காலில் தலையை முட்டியது. அவர் கையை முகர்ந்தது.

"சீக்கிரம் மாப்ளே. பாவம், அது கஷ்டப்படுது" என்றான் ரெய்னோ.

அத்தான் சுட்டார்.

இருவரும் கைதட்டி ஊளையிட்டார்கள். கீத் அதன் ரத்தத்தைத் தொட்டு அத்தானின் நெற்றியிலும் கன்னத்திலும் இழுத்தான். அங்கேயே வயிற்றைக் கிழித்தார்கள். இரைப்பையில் பாதி மசிந்த ஆப்பிள் நிறைய இருந்தது.

"யாரோ தீனி போட்டு வளத்துருக்கான்" என்றான் கீத்.

ரெய்னோ கையைப் பனியில் துடைத்துக்கொண்டான். "உங்க ஆப்பிள் மரத்துல இந்த வருஷம் நல்ல காய்ப்புதானே மாப்ளே? ஆகஸ்ட்ல நான் மரம் அறுக்குற மிஷினத் திருப்பிக் குடுக்க வந்தப்பப் பாத்தேன். எல்லாத்தையும் பாத்தேன்."

அத்தான் அவனைப் பார்க்கவில்லை. கொம்பைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். கேம்ப் வரைக்கும் தனியாகவே இழுத்தார்.

மாலையில் நான் வெங்காயம் வதக்கி இதயத்தை வறுத்தேன். சுட்டவன்தான் முதல் துண்டைத் தின்ன வேண்டும். ரெய்னோ சுவரிலிருந்து அத்தானின் நான்கு வால்களையும் பிடுங்கி அடுப்பில் போட்டான். அப்போது அத்தான் எழுந்தார். சட்டையை வெளியே இழுத்து, தன் கத்தியாலேயே பின்தொங்கலை அறுத்துச் சுவரில் ஆணியடித்தார்.

"என்ன பண்ற?"

"முதல்ல சுட்டது தவறிச்சு. எல்லாருக்கும் சத்தம் கேட்டுச்சு. வழக்கம்னா வழக்கம்தான்."

பிறகு ரெய்னோ எழுந்து போய் அதை உருவி, அதையும் நெருப்பில் போட்டான். அத்தானின் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

"வால் தவறவிட்டவனுக்கு. நீ கொன்னவன். இனிமே நீ எங்க ஆளு மாப்ளே." தட்டை அவர் முன்னால் தள்ளினான். "ஆறிடப்போகுது."

அத்தான் தின்றார். உப்பு கேட்டார், கொடுத்தேன். கன்னத்தில் இழுத்த ரத்தம் காய்ந்து, மெல்லும்போது வெடித்து உதிர்ந்தது.

திங்கட்கிழமை காலை, வழக்கம்போல அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். சாலையில் நிற்பவனுக்கு வேறு நிறம் கிடையாது.